ஊர் நூலகராக இருந்த அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

கேள்வி இது: "என் அப்பா ஒரு சின்ன ஊரில் கிளை நூலகர். முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார், அதில் பெரும்பகுதி சொந்த ஊர் நூலகத்திலேயே. போன வருஷம் காலமாகிவிட்டார். முதலாமாண்டு நினைவுநாளுக்கு நாலு பக்கத்தில் ஒரு மலர் அச்சடித்து ஊரில் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எழுத உட்கார்ந்தால் 'அன்பானவர், குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் உழைத்தவர்' என்பதற்கு மேல் ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. விருது எதுவும் வாங்கியவர் இல்லை. பதவி உயர்வு வந்தபோதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு அதில் இன்றும் வருத்தம். என்ன எழுதுவது?"

நானும் நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன். காவிரி டெல்டாவில் மூன்று ஊர்களில் வேலை பார்த்தேன். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் வேலையைத் தெரியும். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், விருது வாங்கவில்லை என்ற எண்ணத்தை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். நூலகர் வேலை ஒழுங்காக நடந்தால் வெளியே தெரியாது. புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், தேடி வந்தவர் எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். அலமாரி குலைந்து கிடந்தால்தான் நூலகர் என்று ஒருவர் இருப்பதே ஞாபகம் வரும். உங்களுக்கு வரி வராததற்குக் காரணம் அவர் ஒன்றும் செய்யாதது அல்ல, செய்ததை எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் செய்தது. அதைத் தேடி எடுக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அவர் எழுதிய பதிவேடுகள். இன்னொன்று உங்கள் வீடு.

பதிவேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். இப்போதுள்ள நூலகரிடம் போய், நூல்வரவுப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் அதை அக்சஷன் ரிஜிஸ்டர் என்றே சொல்வோம். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகமும் அதில் ஒரு எண்ணோடு ஏறும்: தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, எங்கிருந்து வந்தது. உங்கள் அப்பா கையெழுத்து எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது, எந்தப் பக்கத்தில் முடிகிறது என்று பாருங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் புத்தகம் ஒவ்வொன்றும் அவர் கையால் முத்திரை குத்தி, எண் எழுதி, பின்னட்டையில் தேதித்தாள் ஒட்டி, அலமாரிக்குப் போனது. மலரின் முதல் வரியாக அந்த இரண்டு எண்களையே போடலாம். ஊரில் நூலகம் பக்கமே போகாதவருக்கும் அது புரியும்.

இன்னொன்றும் கேளுங்கள். நூலகங்களில் ரகசியப் பக்கம் என்று ஒன்று வைத்திருப்போம். எல்லாப் புத்தகத்திலும் குறிப்பிட்ட ஒரே பக்கத்தில் முத்திரையும் வரவு எண்ணும் இருக்கும். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் இது நம் புத்தகம் என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. நான் இருந்த நூலகம் ஒன்றில் அது 27ஆம் பக்கம். இன்றைக்கும் பழைய புத்தகக் கடையில் எதை எடுத்தாலும் என் விரல் 27ஆம் பக்கத்துக்குத்தான் போகிறது. உங்கள் அப்பாவிடமும் அப்படி ஒரு பழக்கம் இருந்திருக்கும். வீட்டில் புதுப் புத்தகம் எதையாவது கொடுத்தால் எந்தப் பக்கத்தை முதலில் திருப்பினார் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சின்ன ஊர் நூலகரின் வேலையில் பாதி அவர் வீட்டில் நடக்கும். அதை யாரும் எழுதுவதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மன்னார்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் நூலகராக இருந்த ஒரு பெரியவர். அவருக்குப் பிறகு அந்த நூலகத்துக்கு நான்தான் போனேன். கிழிந்த புத்தகங்களைப் பைண்டிங்குக்கு அனுப்பினால் திரும்பி வர மாதக்கணக்காகும். அதற்குள் அந்தப் புத்தகத்தைக் கேட்டு நாலு பேர் வந்து திரும்பிவிடுவார்கள். அதனால் அவரே சாயங்காலம் ஒரு மஞ்சள் பையில் ஏழெட்டுப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப் போவார். கொல்லைப்புறத்தில் ஒரு பழைய அலுமினியப் பாத்திரம் தனியாகத் தொங்கும். பசை காய்ச்சவே அந்தப் பாத்திரம். மைதாவைக் கட்டி இல்லாமல் கரைத்து, அடுப்பில் வைத்துக் கிளறி, கண்ணாடி போல வரும் நேரத்தில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார் அவர் மனைவி. துத்தம் போட்டால் பசையில் பூச்சி வராது. ஆனால் அது விஷம் என்பதால் பாத்திரத்தை அடுக்களைக்குள் கொண்டுவர விடமாட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் பைண்டிங்குக்குப் போடும் காலிகோ துணியை விரல் அகலத்துக்குக் கீறிக் கொடுப்பார்கள். அவர் பழைய தையலைப் பிரித்து, ஊசி நூலால் மறுபடி தைத்து, முதுகில் துணியை ஒட்டி, மேலே அம்மிக்குழவியைப் பாரமாக வைத்துவிடுவார். மறுநாள் காலையில் மூத்த மகளின் வேலை, குழவியைத் தூக்கிவிட்டுப் புத்தகம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது.

அந்த நூலகத்தின் பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் அந்த ஊரில் முப்பது வருஷம் புத்தகங்கள் கையில் நின்றதற்கு அவர் காய்ச்சிய பசை ஒரு காரணம். இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலையும் வசம்பும் போட்டு வைத்ததும் அவர்தான். உங்கள் வீட்டிலும் இதுபோல ஏதாவது இருந்திருக்கும். உங்களுக்குச் சின்ன வயதில் அது விளையாட்டாகத் தெரிந்திருக்கலாம். கிழிந்த பக்கத்தை ஒட்டியிருப்பீர்கள், தேதித்தாளுக்குக் கோடு போட்டிருப்பீர்கள், அப்பா காய்ச்சலில் படுத்த நாளில் சாவியை எடுத்துப்போய்க் கதவைத் திறந்து பேப்பரை மேசையில் போட்டுவிட்டு வந்திருப்பீர்கள். "குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் உழைத்தார்" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை இங்கே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். குடும்பமும் சேர்ந்து ஊருக்காக உழைத்திருக்கிறது.

இது சின்ன ஊர் நூலகருக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி உங்கள் அப்பா கட்டாயம் சொல்லியிருப்பார். அவர் பிறந்தநாளான ஆகஸ்ட் 12ஐத்தான் நூலகர் தினமாக வைத்திருக்கிறோம். அவர் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். ஆரம்பத்தில் அங்கிருந்த தனிமை பிடிக்காமல் பழைய வேலைக்கே போகிறேன் என்று கேட்டார். அப்புறம் லண்டன் போய்ப் படித்துத் திரும்பியவர், ஏறக்குறைய இருபது வருஷம் விடுப்பே எடுக்காமல் உழைத்தார். 1929இல் சாரதா அம்மாளைத் திருமணம் செய்துகொண்ட அன்றைக்கே பிற்பகலில் நூலகத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று சொல்வார்கள். பலர் இதைக் கடமை உணர்ச்சிக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கதையில் வீட்டில் இருந்த மணப்பெண் ஞாபகம்தான் வரும். ரங்கநாதனுக்கும் வந்திருக்க வேண்டும். 1956இல் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமைக்கக் கொடுத்தபோது, அதற்குச் சாரதா பெயரைத்தான் சேர்த்தார். பிறகு பெங்களூரில் அவர் ஏற்படுத்திய அறக்கட்டளையும் சாரதா பெயரில்தான் இருக்கிறது. புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் கோலன் பகுப்புமுறையையும் நூலகவியலின் ஐந்து விதிகளையும் தந்த மனிதர், இந்தப் பணத்தின் மேல் எழுதியது மனைவியின் பெயரை.

உங்கள் அம்மாவின் வருத்தத்தை மலரில் எழுதலாமா என்று உங்களுக்குத் தயக்கம் இருக்கும். எழுதுங்கள். பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் வேலையில் அடிக்கடி நடப்பது. உயர்வு வந்தால் வேறு ஊருக்கு மாறுதலும் சேர்ந்தே வரும். வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கொஞ்சம் நிலம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். சிலருக்கு நூலகமே காரணம். எந்தக் காரணமாக இருந்தாலும் அதற்கு விலை கொடுப்பது வீடு. சம்பளம் பெரிதாக ஏறாது, ஓய்வூதியமும் அதற்கேற்றபடி குறையும். அம்மா அந்தக் குறைந்த கணக்கில் குடும்பத்தை நடத்தியிருக்கிறார். "அப்பா பதவி உயர்வை விட்டுக்கொடுத்து ஊரோடு இருந்தார்" என்று மட்டும் எழுதினால் அது பாதிதான். "அதனால் வந்த குறைவை அம்மா சமாளித்தார், அதில் அவருக்கு இன்றும் வருத்தம் உண்டு" என்றும் எழுதினால் ஊரில் படிப்பவர்கள் அப்பாவை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பார்கள். அம்மாவிடம் படித்துக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

இனி ஊர். ஊருக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவைப் பலர் அரசாங்கம் வைத்த கட்டடம் என்ற அளவில்தான் நினைத்திருக்கிறார்கள். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம். ரங்கநாதன் பல வருஷம் விடாமல் கேட்டதன் பலன் அது. அந்தச் சட்டத்தின் உயிர் நூலக வரியில் இருக்கிறது. வீட்டுவரி கட்டும்போது அதோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு பங்கு வசூலாகும். இப்போது அது நூற்றுக்குப் பத்து ரூபாய். ஓட்டு வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் கட்டுகிறார்கள். அந்தக் காசில்தான் நாளிதழ் வருகிறது, புத்தகம் வருகிறது, விளக்கு எரிகிறது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், உள்ளே வரத் தயங்கி வாசலில் நிற்கும் ஆட்களிடம், "உள்ள வாங்க, உங்க வீட்டு வரியில வாங்குன பேப்பர்தான் இது" என்பார். வயல் வேலை முடித்துச் சேற்றுக் காலோடு வந்தவர்களுக்காக வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் யாராவது பள்ளிக்கூடப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தினத்தந்தியை வாசிக்கச் சொல்வார்.

உங்கள் அப்பாவும் வாசலில் ஏதோ ஒன்று செய்திருப்பார். யாரை உள்ளே கூப்பிட்டார் என்று ஊரில் விசாரியுங்கள். அது மலரில் ஒரு முழுப் பக்கத்துக்கு வரும்.

கஜா புயல் பற்றி ஒன்று சொல்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அது கரையைக் கடந்தது. அப்போது நான் அந்தப் பெரியவரின் பழைய நூலகத்தில் இருந்தேன். விடிந்ததும் போய்ப் பார்த்தால் கூரையில் ஒரு பக்கம் ஓடு இல்லை. இரண்டு அலமாரி முழுக்க நனைந்து, புத்தகங்கள் ஊறி அலமாரிக்குள்ளேயே இறுகி நின்றன. இழுத்தால் முதுகு கையோடு வந்துவிடும் நிலை. மின்சாரம் கிடையாது, வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். எட்டு மணிவாக்கில் பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்றுச் சில வருஷம் ஆகிவிட்டது அவருக்கு. அவர் வீட்டிலும் மாட்டுக்கொட்டகை விழுந்திருந்தது.

வந்ததும் முதலில் சொன்னது, "வெயில்ல வைக்காதீங்க தம்பி." நேர் வெயிலில் வைத்தால் தாள் சுருங்கி அலையலையாக வளைந்துவிடும், அட்டை பிளந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில், பக்கங்களுக்கு நடுவே பழைய பேப்பரைச் செருகி, ஈரம் ஏற ஏற மாற்ற வேண்டும். படங்கள் உள்ள வழவழத் தாள் புத்தகங்களை முதலில் பிரிக்க வேண்டும், அவை ஒட்டிக்கொண்டே காய்ந்துவிட்டால் அப்புறம் பிரியாது. ஆனால் அத்தனைக்கும் இடம் எங்கே? அவர் தெருவில் இறங்கி நடந்தார். திண்ணை உள்ள வீடு ஒவ்வொன்றிலும் நின்று கேட்டார். தன் வீட்டுக் கூரையே போன ஜனங்கள், ஆளுக்குப் பத்துப் பதினைந்து புத்தகங்களை வாங்கித் திண்ணையில் விரித்து வைத்தார்கள். ஒரு வாரத்துக்கு அந்தத் தெரு முழுக்க ஈரத்தாள் வாசனை. யார் வீட்டில் எந்த எண் புத்தகம் என்று பெரியவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தார். திரும்ப எண்ணியபோது மூன்று புத்தகங்கள்தான் குறைந்தன. அதில் ஒன்று பொங்கலுக்குப் பிறகு வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பாட்டி படித்து முடித்துவிட்டுத் தருகிறேன் என்று வைத்துக்கொண்டாராம்.

அந்தத் திண்ணைகள் அன்றைக்குத் திறந்தது எனக்காக இல்லை. நான் அந்த ஊருக்கு வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. முப்பது வருஷம் அவர் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் பெயர் சொல்லிப் புத்தகம் எடுத்துக் கொடுத்ததற்கு ஊர் அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தது. உங்கள் அப்பா பதவி உயர்வு வாங்கி ஐந்து ஊர் மாறியிருந்தால், ஒரு ஊரோடு இந்தப் பழக்கம் அமைந்திருக்காது. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள், அவருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

சொந்த ஊருக்குப் புத்தகம் கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பியவர்கள் நம்மிடம் முன்பே உண்டு. 1931இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு நூலகம் கிராமம் கிராமமாகப் போனது. பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி அது. யாழ்ப்பாணத்தில் 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்க ஆரம்பித்தார். மறுவருஷம் அது ஒரு வாடகை அறைக்கு மாறியது. அங்கிருந்து வளர்ந்து 1959இல் தனிக் கட்டடம் கண்டதுதான் யாழ்ப்பாணப் பொது நூலகம். அந்தக் கட்டடத்துக்கு ஆலோசனை சொன்னவர்களில் ரங்கநாதனும் ஒருவர். 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்த முதல் வீடும், யாரோ வந்து கதவைத் தட்டிப் புத்தகம் கேட்டதும்தான் மனசில் வரும். உங்கள் மலரில் இவர்களைப் பற்றி எழுத வேண்டாம், இடம் போதாது. ஆனால் அப்பாவை எந்த வரிசையில் வைத்து நினைக்கலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன் ஒரு நாள் சாயங்காலம் நூலகத்தில் போய் உட்காருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், பெரும்பாலும் விடுமுறையாக இருக்கும். பழைய வாசகர்கள் யாராவது வருவார்கள். "அப்பா உங்களுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்?" என்று மட்டும் கேளுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் தங்கமான மனுஷன் என்று முடித்துவிடுவார்கள். புத்தகத்தைக் கேட்டால் கதை வரும். டிஎன்பிஎஸ்சி படித்து வேலைக்குப் போனவர்கள் இருப்பார்கள், அவர்களை ஃபோனில் பிடியுங்கள். எந்த நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்கள், சாத்தும் நேரம் தாண்டியும் அப்பா எத்தனை நாள் விளக்கை அணைக்காமல் இருந்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கண்டிப்பாக இருந்தார், புத்தகத்தை மடக்கிப் படித்தால் திட்டுவார் என்று யாராவது சொன்னால் அதையும் சேருங்கள்.

உங்கள் மனசில் இருக்கும் ஒரு நாளை மட்டும் நீங்கள் எழுதுங்கள், ஒன்று போதும். மற்றதை எல்லாம் ஊர்க்காரர்கள் சொன்னபடி, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே போடுங்கள். அன்பானவர், பண்பானவர் என்ற வரிகளை எடுத்துவிடுங்கள். அட்டையில் அவர் படத்தோடு, அவர் கையெழுத்து இருக்கும் பதிவேட்டுப் பக்கம் ஒன்றையும் அனுமதி கேட்டுப் படம் எடுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.

அச்சாகி வந்ததும் இரண்டு பிரதிகளை அந்த நூலகத்துக்கே கொடுங்கள். நாலு பக்கம்தானே என்று தயங்க வேண்டாம். கெட்டி அட்டை போட்டு, நீங்களே காலிகோ ஒட்டிக் கொடுங்கள், எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நன்கொடை நூல் என்று அதற்கும் ஒரு வரவு எண் போடச் சொல்லுங்கள். எழுதும்போது கொடுத்தவர் பெயர் கேட்பார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள்.